தள்ளுபடி ஆனது யாருக்கு?

‘தள்ளுபடி’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் இன்று குறைந்தது நான்கு வேலை. ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் தொங்கினால் விலைக் குறைப்பு. நீதிமன்றச் செய்தியில் வந்தால் மனு செல்லாது. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனோடு வந்தால், வாங்கியவர் இனிக் கட்ட வேண்டாம். வங்கிகளின் வாராக்கடன் பற்றிய செய்தியில் வந்தால், கடன் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பேரேட்டில் மட்டும் பக்கம் மாறியிருக்கிறது.

முதல் இரண்டில் யாரும் குழம்புவதில்லை. மூன்றும் நான்கும் ஒரே வாக்கியத்தில் வரும்போதுதான் வினை. “விவசாயிக்கு ஏன் தள்ளுபடி இல்லை, தொழிலதிபருக்கு மட்டும் ஏன் தள்ளுபடி?” என்று மேடையில் ஒருவர் கேட்பார். “அது தள்ளுபடியே இல்லை, வெறும் கணக்கு நடைமுறை” என்று எதிர்மேடை பதில் சொல்லும். இரண்டு பேருமே பாதிதான் சொல்கிறார்கள். மீதிப் பாதி அந்தச் சொல்லுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இவை ‘வேய்வர்’, ‘ரைட் ஆஃப்’ என்று இரு வேறு சொற்கள். தமிழ்ச் செய்தி மேசையில் இரண்டையும் ஒரே சொல்லில் மொழிபெயர்த்துவிட்டோம்.

வங்கியில் நடப்பது இது. ஒரு கடனுக்கு வட்டியோ அசலோ 90 நாளுக்கு மேல் வராமல் நின்றால், அது வங்கி மொழியில் ‘செயல்படாச் சொத்து’. கடன் கொடுத்தவருக்குக் கடன் ஒரு சொத்து என்பது கணக்கியலில் சரிதான். ஆனாலும் நம் பத்திரிகைகள் சூட்டிய ‘வாராக்கடன்’ என்ற பெயர் மூலத்தைவிட நேர்மையானது. அப்படி நின்றுபோன கடனுக்கு வங்கி ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கை ‘ஒதுக்க’ வேண்டும். பிணை உள்ள கடன் என்றால் முதல் ஓராண்டுக்கு 15 சதவீதம், அதன் பிறகு வரும் ஓராண்டுக்கு 25, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 40, அதையும் தாண்டினால் முழுத்தொகை. ஒதுக்குவது என்றால் தனிப்பெட்டியில் பணத்தைப் பூட்டி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தொகையைத் தன் லாபத்தில் கழித்துக் காட்டுவதுதான் ஒதுக்கீடு. 100 கோடி ரூபாய்க் கடன் முழுதாக நின்றுபோனால், நான்காண்டைத் தாண்டும்போது 100 கோடியும் வங்கியின் லாபத்திலிருந்து போயிருக்கும்.

அதற்குப் பிறகுதான் ‘ரைட் ஆஃப்’. ஒரு பக்கம் 100 கோடிக் கடன், மறுபக்கம் 100 கோடி ஒதுக்கீடு. இரண்டையும் ஒன்றுக்கொன்று நேர் செய்து இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்குப் புதிதாக நட்டம் எதுவும் வருவதில்லை. நட்டம் நான்காண்டுகளாகச் சிறுகச் சிறுக வந்தது, அப்போது தலைப்புச் செய்தி வரவில்லை. எடுத்த பிறகும் கடன்காரர் கடன்காரர்தான். பிணைச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழி தரும் சர்ஃபேசி சட்டம், கடன் வசூல் தீர்ப்பாயம், திவால் சட்டம் என்று வசூல் வழிகள் திறந்தே இருக்கின்றன. எனவே “இது தள்ளுபடி இல்லை” என்று அரசுத் தரப்பு சொல்வது சட்டப்படி சரி.

எவ்வளவு வசூலானது என்று கேட்கும்போதுதான் அந்தச் சரி ஆட்டம் காண்கிறது. 2014-15 முதல் 2022-23 வரை ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் இப்படி ஏட்டிலிருந்து எடுத்த தொகை 14,56,226 கோடி ரூபாய். இதில் பெருந்தொழில், சேவை நிறுவனங்களின் பங்கு 7,40,968 கோடி. எடுத்த கடன்களில் இதே காலத்தில் திரும்பி வந்தது 2,04,668 கோடி. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த எண்கள் இவை. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்குப் பதினான்கு. கடைசி ஆண்டுகளில் எடுத்த கடன்களுக்கு வசூல் இன்னும் நடக்கும் என்பதால் இந்த விகிதம் கொஞ்சம் கூடலாம். கூடினாலும் ‘வெறும் கணக்கு நடைமுறை’ என்ற சொல்லுக்கு இந்த எண் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

வராத பணத்தைச் சுமந்தது யார்? வங்கியின் லாபம் குறைந்தது, மூலதனம் கரைந்தது. பொதுத்துறை வங்கிகளின் பெரிய பங்குதாரர் அரசு. 2016-17 முதல் 2020-21 வரை அரசு அந்த வங்கிகளுக்குள் போட்ட பணம் 3,10,997 கோடி. அதில் 34,997 கோடி நேராக பட்ஜெட்டிலிருந்து, 2,76,000 கோடி பத்திரங்களாக. அந்தப் பத்திரங்களுக்கு வட்டி ஆண்டுதோறும் பட்ஜெட்டிலிருந்து போகிறது. இதற்கு வைத்த பெயர் ‘மறுமூலதனமாக்கம்’. இப்படி ஒரு சொல்லை டீக்கடை பெஞ்சில் யார் சர்ச்சை செய்யப்போகிறார்கள்? விவசாயக் கடன் என்றால் ‘தள்ளுபடி’, வாயில் நுழைகிறது, கோபம் வருகிறது. வங்கிக்குப் பணம் என்றால் ‘மறுமூலதனமாக்கம்’, தூக்கம் வருகிறது.

இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: வணிக வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் 2018 மார்ச்சில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2024 மார்ச்சில் 2.8 சதவீதம். உண்மைதான். கடனை வசூலித்தாலும் இந்த விகிதம் குறையும், ஏட்டிலிருந்து எடுத்தாலும் குறையும், புதுக்கடன் நிறையக் கொடுத்தால் கீழே இருக்கும் வகுஎண் பெருகி அப்போதும் குறையும். மூன்றும் சேர்ந்தே குறைந்தது. ‘வங்கிகள் மீண்டன’ என்ற ஒற்றை வரியில் எது எவ்வளவு என்று தெரியாது. விகிதம் குறைந்த செய்தியைப் பார்த்தால், அதே ஆண்டின் ரைட் ஆஃப் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வேறு இனம். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது 12,110 கோடி, 16.43 லட்சம் விவசாயிகள். தலைக்குச் சராசரி 73,700 ரூபாய் சொச்சம். இங்கே கடன்காரரின் பொறுப்பு முடிந்துபோகிறது. சங்கத்துக்கு வர வேண்டிய தொகையை அரசு ஏற்றுக்கொள்கிறது. முழுப் பொருளில் தள்ளுபடி இதுதான். ஆனால் இங்கும் சொல் முந்திக்கொள்ளும், நிபந்தனை பின்னால் வரும். 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று தேர்தல் நேரத்தில் கேட்டவர்கள், ஒரு ரசீதுக்கு 5 சவரன் என்று எடுத்துக்கொண்டார்கள். 2021 நவம்பரில் ஆணை வந்தபோது, ஒரு குடும்ப அட்டைக்கு மொத்த எடை 40 கிராமுக்குள் என்று இருந்தது. இரண்டு ரசீதில் மூன்று மூன்று சவரன் வைத்தவர் வெளியே நின்றார்.

ஐந்தாவது தள்ளுபடி ஒன்றும் உண்டு. அது போனில் வரும். கிரெடிட் கார்டு பாக்கி ஏறி நிற்கும்போது வசூல் முகவர் கூப்பிட்டு, “சார், 80,000க்கு 35,000 கட்டுங்க, மீதி தள்ளுபடி” என்பார். இது ஒரே தவணைத் தீர்வு. பணம் கட்டியதும் கடன் தகவல் அறிக்கையில் ‘முடிந்தது’ என்று பதிவாகாது, ‘செட்டில்டு’, அதாவது முழுதும் கட்டாமல் பேசித் தீர்த்தது என்று பதிவாகும். அடுத்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்த ஒரு சொல் ஆண்டுக்கணக்கில் முன்னால் வந்து நிற்கும். கட்டித்தான் ஆக வேண்டிய நெருக்கடி என்றால், முதலில் வங்கியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ லெட்டர்ஹெட்டிலோ தீர்வுக் கடிதம் வாங்குங்கள். கடன் எண், தொகை, கடைசித் தேதி, மீதிக்கு உரிமை கோரமாட்டோம் என்ற வரி நான்கும் இருக்க வேண்டும். பணத்தை முகவரின் கணக்கில் போடாமல் கடன் கணக்கில் போடுங்கள். கட்டிய பிறகு நிலுவையில்லாச் சான்று. பின்னால் கையில் பணம் சேர்ந்தால் விட்டுப்போன மீதியைக் கட்டிப் பதிவை ‘முடிந்தது’ என்று மாற்றித் தரச் சொல்லி வங்கியைக் கேட்கலாம்.

திவால் சட்டத்தின்கீழ் நடப்பதற்கு இதைவிட அழகான பெயர்: ‘ஹேர்கட்’. கொடுத்தது நூறு, திரும்பியது நாற்பது என்றால் அறுபது ஹேர்கட். முடி வெட்டினால் திரும்ப வளரும், வலிக்காது. அந்தப் பெயரின் சௌகரியம் அதுதான். வீடியோகான் குழுமத்தின் வழக்கில் ஏற்கப்பட்ட கோரிக்கைகள் சுமார் 64,800 கோடி, ஒப்புக்கொள்ளப்பட்ட விலை 2,962 கோடி. 2021 ஜூனில் அதை அனுமதித்த மும்பை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயமே, கடன் கொடுத்தவர்களுக்கு நடந்தது ஹேர்கட் இல்லை, மொட்டை என்ற பொருளில் உத்தரவில் எழுதியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 ஜனவரியில் அந்த அனுமதியை ரத்து செய்தது. ஒரு கலைச்சொல்லை அந்தக் கலைச்சொல்லின் வார்த்தையிலேயே ஒரு தீர்ப்பாயம் பிடித்தது அபூர்வம்.

சில்லறை வியாபாரத்தில் மறைப்பு இன்னும் நுணுக்கம். நம் ஊர் வட்டிக்காரர் எவ்வளவு கொடுமைக்காரராக இருந்தாலும் அவர் மொழி தெளிவானது. ‘ரெண்டு ரூபா வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அசல் எவ்வளவு பாக்கியோ அதற்கு. பைக் ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் ‘12 சதவீதம் ஃபிளாட்’ என்பார். கேட்பதற்கு ஒரு ரூபாய் வட்டி மாதிரி இருக்கிறது. ஒரு லட்சம், 24 மாதம் என்று போட்டுப் பார்ப்போம். ஃபிளாட் கணக்கில் ஆண்டுக்கு 12,000 வீதம் வட்டி 24,000. மாதத் தவணை 5,167. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், 23வது மாதம் பாக்கி பத்தாயிரம்தான். ஆனால் வட்டி அப்போதும் முழு ஒரு லட்சத்துக்கு ஓடுகிறது. குறையும் அசலுக்கு 12 சதவீதம் என்றால் தவணை 4,707, மொத்த வட்டி 12,976. ஏறக்குறைய பாதி. திருப்பிக் கணக்கிட்டால் அந்த ‘12 ஃபிளாட்’ உண்மையில் ஆண்டுக்கு 21.6 சதவீதம். வட்டிக்காரர் மொழியில் ஒரு ரூபாய் எண்பது காசு வட்டி.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்காளர் வேண்டாம். எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ ‘ரேட்’ (RATE) என்றொரு ஃபார்முலா இருக்கிறது. மூன்று எண்களை வரிசையாகக் கொடுக்க வேண்டும்: தவணைகளின் எண்ணிக்கை, மாதத் தவணை, கையில் வந்த தொகை. தவணைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும், மறந்தால் பிழை காட்டும். வரும் விடையை 12ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி. மூன்றாவது எண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடன் பத்திரத்தில் உள்ள தொகையைப் போடக்கூடாது, கைக்கு வந்ததைப் போட வேண்டும். மேலே சொன்ன கடனில் பரிசீலனைக் கட்டணம் 2,000, காப்பீடு 1,500 பிடித்துக்கொண்டு 96,500 கொடுத்தால், அதே 5,167 தவணைக்கு வட்டி 25 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

‘வட்டியில்லாத் தவணை’ இதன் தம்பி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதன் பிறகு ‘ஜீரோ வட்டி’ என்ற பெயர் பின்வாங்கி, ‘நோ காஸ்ட்’ என்ற பெயர் முன்னுக்கு வந்தது. 24,000 ரூபாய் போனை ஆறு மாதம் 4,000 வீதம் வாங்குகிறீர்கள். வங்கி 15 சதவீத வட்டி போடுகிறது. கடைக்காரரோ தயாரிப்பாளரோ 1,016 ரூபாயை முன்கூட்டியே கழித்துக் கடனை 22,984 ஆக்குகிறார். அதற்கு ஆறு மாத வட்டி சேர்த்தால் சரியாக 24,000. வட்டி இருக்கிறது, கழிவுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 183 ரூபாய், பரிசீலனைக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக ‘நோ காஸ்ட்’டின் காஸ்ட் 418. இது போக, கையில் காசு கொடுத்து வாங்குபவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய கழிவு வேறு. முழுப்பணம் கட்டினால் என்ன விலை என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டால் பாதி புதிர் அங்கேயே அவிழும்.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் தனிநபர், சிறுதொழில் கடன்களுக்கு ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளைக் கடன் கொடுப்பவர் தந்தாக வேண்டும். எல்லாக் கட்டணங்களும் அடங்கிய ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும், எனவே தமிழில் கேட்கலாம். ஒரு வாரமோ அதற்கு மேலோ கால அளவுள்ள கடன் என்றால், அந்தத் தாளில் உள்ள விதிமுறைகள் குறைந்தது மூன்று வேலைநாள் செல்லுபடியாகும். “இன்னிக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்” என்ற அவசரத்துக்கு அதுதான் மருந்து. தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

அரசுக் கட்டணங்கள் உயர்வதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? அவை ‘சீரமைக்கப்படும்’, ‘மாற்றியமைக்கப்படும்’, ‘திருத்தப்படும்’. திருத்தம் என்றால் முன்பிருந்தது பிழை என்று அர்த்தமாகிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு மின்கட்டணம் மாறியபோது சொல்லைவிட ஒரு வகுத்தல் அதிகம் வேலை செய்தது. வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் அறிவிப்பில் உயர்வை மாதத்துக்குச் சொன்னார்கள்: 200 யூனிட்டுக்கு மாதம் 27.50, 500 யூனிட்டுக்கு மாதம் 297.50. யூனிட் இரண்டு மாதத்துக்கானது, ரூபாய் ஒரு மாதத்துக்கானது. பில்லில் வந்தது 55, 595. பொய் ஒரு எழுத்துகூட இல்லை.

அதே பட்டியலில் 500 என்ற எல்லைக்கோடு இருந்தது. அதற்குள் என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25, அடுத்த 200க்கு 4.50, அடுத்த 100க்கு 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725. ஒரு யூனிட் கூடி 501 ஆனால், 101 முதலே 4.50 என்று பட்டியல் மாறி, தொகை 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். ‘யூனிட்டுக்குச் சராசரியாக இத்தனை பைசா’ என்று கேட்டவருக்கு இது கண்ணிலேயே படாது. ஏசி ஓடும் வீட்டில் 50வது நாள் மீட்டரைப் பார்த்து, முந்தைய அளவைக் கழித்துக்கொள்வதுதான் வழி; 470 தாண்டியிருந்தால் மீதிப் பத்து நாளுக்குக் கை கொஞ்சம் இறுகும்.

பணவீக்கம் என்ற சொல்லில் வேறு விதமான தவறு. காலில் வீக்கம் குறைந்தது என்றால் கால் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பணவீக்கம் குறைந்தது என்றால் அப்படி இல்லை. கால் இன்னும் வீங்குகிறது, கொஞ்சம் மெதுவாக. 50 ரூபாய் அரிசி 10 சதவீதம் ஏறி 55 ஆனது, அடுத்த ஆண்டு 4 சதவீதம் ஏறி 57.20. பணவீக்கம் பாதிக்கும் கீழே போய்விட்டது, அரிசி விலை கூடித்தான் இருக்கிறது. தொலைக்காட்சியில் ‘பணவீக்கம் குறைந்தது’ என்று ஓடும்போது, கடைக்குப் போய் வந்தவர் அரசு பொய் சொல்வதாக நினைக்கிறார். பொய் சொன்னது உவமை.

முதலீட்டாளர் மாநாடுகளில் உதவிக்கு வருவதும் மொழிபெயர்ப்புதான். ஆங்கிலத்தில் எம்ஓயூ என்பது ஒரு குறிப்பாணை. ‘இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறோம்’ என்று எழுதி வைப்பது, பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாது. அதைத் தமிழில் ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்றோம். ‘ஒப்பந்தம்’ என்றதும் முத்திரைத்தாள், கையெழுத்து, மீறினால் வழக்கு என்று நம் மனம் போகிறது. 2015ல் சென்னை மாநாட்டில் 2.42 லட்சம் கோடி, 2019ல் 3 லட்சம் கோடி, 2024 ஜனவரியில் 6.64 லட்சம் கோடி. ஆட்சி எதுவானாலும் வினைச்சொல் ஒன்றுதான்: ‘ஈர்த்தது’. இறந்த காலம். நடந்தது கையெழுத்து, பணம் வருவது எதிர்காலம். வேலைவாய்ப்பிலும் அப்படியே. 2024 மாநாட்டின் 26.9 லட்சம் வேலைகளில் நேரடி வேலை 14.5 லட்சம், மிச்சம் மறைமுகம். மறைமுக வேலை என்பது ஆலைக்கு வெளியே லாரி, டீக்கடை, உதிரிபாகம் என்று உருவாகும் என மதிப்பிடும் எண், அதற்குச் சம்பளப் பட்டியல் கிடையாது.

ஒரு திட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் கையெழுத்தை விட்டுவிட்டு அடுத்த படிகளைப் பார்க்க வேண்டும். அரசின் தொழில் வளாகமான சிப்காட்டில் நிலம் ஒதுக்கியாயிற்றா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவு வந்ததா, வங்கிக் கடன் முடிவானதா, கட்டி முடித்த பிறகு இயக்குவதற்கான இசைவு வாங்கினார்களா. தொகை எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஏழெட்டு ஆண்டில் போடப்போவதும் மாநாட்டு மேடையில் ஒரே நாள் தொகைதான்.

கொடுப்பதற்கும் பெயர் முக்கியம். 2011க்குப் பிறகு தமிழ்நாட்டில் ‘இலவச’ மிக்சி, மடிக்கணினி எல்லாம் ‘விலையில்லா’ ஆயின. சிரித்தவர்கள் உண்டு. டெல்லியிலும் இதுவே நடந்தது, யாரும் சிரிக்கவில்லை. வரிச்சலுகைகளால் போன தொகையை மத்திய பட்ஜெட்டோடு ‘கைவிடப்பட்ட வருவாய்’ என்ற தலைப்பில் 2006 முதல் வெளியிட்டுவந்தார்கள். பின்னாளில் அதுவே ‘வரி ஊக்கச் சலுகைகளின் வருவாய்த் தாக்கம்’ ஆயிற்று. கைவிட்டவர் யார் என்ற கேள்வி முதல் தலைப்பில் இருந்தது. 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது அரசே சொன்ன ஆண்டு இழப்பு 1.45 லட்சம் கோடி. அதை ‘இலவசம்’ என்று யாரும் சொல்லவில்லை, ‘சீர்திருத்தம்’. அந்த வரிக்குறைப்பு தேவையா என்பது வேறு விவாதம். அந்த விவாதத்துக்குள் போகும் முன்பே ஒன்றுக்குக் கெட்ட பெயரும் மற்றதற்கு நல்ல பெயரும் வைத்தாயிற்று.

வேலை உலகில் பெயர் நேராகச் சட்டத்தைத் தொடுகிறது. சாப்பாடு கொண்டுவரும் இளைஞர் ‘டெலிவரி பார்ட்னர்’. அவர் வேலை நேரம் ‘லாகின்’, சம்பளம் ‘பே-அவுட்’, வேலையை விட்டு நீக்குவது ‘ஐடி பிளாக்’. ஒரு சொல்லும் தற்செயலாக வந்ததில்லை. தொழிலாளி என்றால் வருங்கால வைப்புநிதி வேண்டும், இஎஸ்ஐ வேண்டும், நீக்குவதற்கு முன் விசாரணை வேண்டும். பார்ட்னருக்கு வேண்டாம். கூட்டாளி என்ற சொல்லுக்கு லாபத்தில் பங்கு உண்டு என்று நம் ஊர் அரிசி மண்டியில்கூடத் தெரியும். இந்தக் கூட்டாளிக்குப் பெட்ரோல் செலவில் மட்டும் பங்கு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ‘கிக்’ தொழிலாளியை, வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்றே வரையறுக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குத் தர வேண்டும், அதுவும் அந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல். பிரிட்டனில் ஊபர் ஓட்டுநர்கள் ஒப்பந்தத் தாளில் சுயதொழில் செய்பவர்களாகத்தான் இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தாளை ஒதுக்கிவைத்து, கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், மறுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்து, அவர்கள் தொழிலாளர்களே என்றது.

அரசும் இந்த வித்தையில் பின்தங்கியதில்லை. துப்புரவுத் தொழிலாளர் 2020ல் ‘தூய்மைப் பணியாளர்’ ஆனார்கள். பெயர் மாறியதோடு ஒப்பந்த முறையும் மாறிவிடவில்லை. ஆஷா பணியாளருக்குக் கிடைப்பது ‘ஊக்கத்தொகை’. அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்தியத் திட்டத்தின் மொழியில் ‘மதிப்பூதியம்’. மரியாதையான சொல். அந்த மரியாதைக்கு ஒரு விலை உண்டு: மதிப்பூதியம் வாங்குபவர் ஊழியர் இல்லை, ஊழியர் இல்லாதவருக்குப் பணிக்கொடை இல்லை என்று பல ஆண்டுகள் வாதாட முடிந்தது. குஜராத்திலிருந்து போன வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் சொன்ன ‘ஊதியம்’ என்பதில் இந்த மதிப்பூதியமும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கணக்கு எளிது. கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 7,800 வாங்கி 30 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெறும் ஒரு பெண்ணுக்கு அது 1,35,000 ரூபாய்.